‘கோ’ என்ற சொல்லுக்கு ஒரு பக்கம்

ஆங்கில வினைச்சொற்கள் நூறு. சொல்லுக்கு ஒரு பக்கம். தமிழ்ப் பொருள், இணைச்சொற்கள், நாலு எடுத்துக்காட்டு வாக்கியங்கள். இப்படி ஒரு சிறு புத்தகம் எழுதித் தர முடியுமா என்று மதுரையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் அச்சடிக்கும் ஒருவர் என்னைக் கேட்டார். ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்றபின் என்னிடம் சந்தேகம் கேட்க ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. அந்தக் கடுப்பில் உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

தொண்ணூற்றொன்பது சொற்கள் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு பக்கத்துக்குள் அடங்கின. ‘கோ’ மட்டும் அடங்கவில்லை. இவ்வளவு சின்னச் சொல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல், அதற்கு என்ன பெரிய பாடு என்று கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். போ என்று எழுதினேன். செல், கிளம்பு, புறப்படு, நட, நீங்கு, ஏகு. ஏகு எந்தப் பிள்ளைக்குப் புரியும் என்று நானே அடித்தேன். இணைச்சொல் வரிசையில் லீவ், டிபார்ட், ப்ரொசீட், டிராவல், மூவ், செட் அவுட் என்று அடுக்கினேன். அதோடு விட்டதா? பால் கெட்டாலும் கோ, தலை நரைத்தாலும் கோ, கடிகாரம் ஓடினாலும் கோ, கரண்ட் நின்றாலும் கோ. வலி தீர்ந்தாலும் அதே சொல், கண் பார்வை மங்கினாலும் அதே சொல். மூன்றாவது பக்கத்தில் இருந்தபோது மதுரைக்காரர் போன் செய்து, “ஒரு பக்கம்தான் மேடம், அதுக்கு மேல இடம் கெடையாது” என்றார். அவரிடம் இருக்கிற இடத்துக்குத் தக்க மொழியைச் சுருக்கவா முடியும் என்று எரிச்சலாக வந்தது.

அந்தப் பக்கத்தில் ‘வழக்கமான பிழைகள்’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளை விடைபெறும் வாக்கியம் ஒன்று எழுதச் சொன்னால் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றுதான் எழுதுவார்கள். பிறந்ததிலிருந்து போயிட்டு வாரேன் என்று சொல்லி வளர்ந்த பிள்ளை வேறு எப்படி எழுதும்? வருடா வருடம் அதைச் சிவப்பு மையால் அடித்தேன். வெள்ளைக்காரன் போகிறேன் என்றால் போகிறேன், அவ்வளவுதான், திரும்பி வருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வெளியே கிளம்பி வாசலில் இறங்கிவிட்டவரை, எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். ஒருவர் பையும் கையுமாகத் தெருவில் போவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருப்பதும் மரியாதை இல்லை. அதனால் “தூரமா?” என்று கேட்பார்கள். மனமிருந்தால் போகிறவர் இடத்தைச் சொல்வார். இல்லையென்றால் “பக்கந்தான்” என்பார். சென்னைக்குப் போகிறவரும் பக்கந்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் அதற்குமேல் தோண்ட மாட்டார்கள்.

பூனை குறுக்கே வந்தால் நிற்கிற ஆள் இல்லை நான். ராகு காலத்தில்தான் முதல் சம்பளத்தில் தையல் மிஷின் வாங்கினேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் என் கல்யாண வாழ்க்கை முழுக்கக் கடைப்பிடித்தேன். காரணம் என் கணவர். மகாராஜபுரத்துக்காரர், பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். லீவு முடிந்து கிளம்புகிற நாளில் எந்த ஊர், எந்த மலை, எத்தனை நாள் ரயில் என்பதையெல்லாம் முந்தின நாளே சாப்பாட்டு நேரத்தில் கேட்டு முடித்துவிடுவேன். பெட்டி வாசலைத் தாண்டியபின் என் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சுதான், போயிட்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் அவர் வந்தார். அவரோடு போன சிலர் வரவில்லை. நான் கேட்காமல் இருந்ததால்தான் இவர் வந்தார் என்று வெளியே சொன்னால் டீச்சரம்மாவுக்கா இந்தப் புத்தி என்று சிரிப்பார்கள். ஆனால் உள்ளுக்குள் நான் அப்படித்தான் நம்பினேன்.

ராணுவத்திலிருந்து வந்தபின் பல வருடம் ஒரு நூல் மில்லில் காவல் வேலை பார்த்தார். அதையும் விட்டு வீட்டில் உட்கார்ந்த ஒன்றிரண்டு வருடத்தில் மறதி தொடங்கியது. குளித்தவர் மறுபடி குளிக்கப் போனார். சாப்பிட்டு எழுந்தவர் இன்னும் சோறு போடலியா என்றார். மதுரையில் நரம்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது மறதி நோய், மெதுவாகக் கூடும், குறையாது என்று நிதானமாகச் சொன்னார். கையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள், தெருவில் நாலு பேரிடம் சொல்லி வையுங்கள் என்றார்.

இரண்டையும் நான் செய்யவில்லை. பெயர் பெற்ற எங்கள் ஊர் நாய்களுக்குத்தான் பட்டை கட்டுவோம், என் வீட்டுக்காரருக்கு எதற்கு என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே எனக்குள் கோபமாகச் சொல்லிக்கொண்டேன். தெருவில் சொல்லவும் மனம் வரவில்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்து, நெஞ்சை நிமிர்த்தி டீக்கடைக்கு நடந்து போகிற மனிதர் அவர். தெருவே அவருக்கு வணக்கம் வைக்கும். அந்த வணக்கத்துக்குள் பரிதாபம் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். யாராவது ஏதாவது கேட்டால், கொஞ்சம் பிரஷர் என்று சொல்லி வைத்தேன். பொய் சொல்வதில் எனக்கு அவ்வளவு திறமை இருக்கும் என்று அதற்கு முன் தெரியாது.

அது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாயன்று காலையில் அவர் ராணுவ கேண்டீனுக்கு எடுத்துப் போகும் தோள்பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, “எங்க கெளம்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டேன். கல்யாணமாகி முதல் தடவை கேட்டேன். அவர் நின்றார். திரும்பி வந்தார். பையை நாற்காலியில் வைத்தார். குனிந்து ஷூக் கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

“போகும்போது கேட்டுட்டியேட்டி. நீ கேட்டதே இல்லியே” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு கொடுத்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். மத்தியானம் சாப்பிடவில்லை. நேற்று நடந்தது மறந்துபோகிற மனிதர், இதை மட்டும் புதன்கிழமையும் ஞாபகம் வைத்திருந்தார். “எம்புட்டு வருசத்துல ஒரு தடவகூடக் கேட்டதில்ல” என்று டிவியைப் பார்த்தபடி சொன்னார். இனி செத்தாலும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழரை இருக்கும். நான் அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று “வாரேன்” என்றார். எட்டிப் பார்த்தேன். வெளிர்நீலச் சட்டை, ஷூ, தோளில் அந்தப் பை. பை கொஞ்சம் கனமாக இருந்ததையும் பார்த்தேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“போயிட்டு வாங்க” என்றேன்.

முகம் மலர்ந்து தலையாட்டிவிட்டு இறங்கினார். கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. டீக்கடைக்கோ கேண்டீனுக்கோ போய்விட்டு வந்துவிடுவார் என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். நாக்கை அடக்கிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்பதரைக்கு அவர் போனுக்கு அடித்தேன். தலையணைக்கு அடியில் மணி கேட்டது. பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் எதிர்வீடு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த அம்மா என் கணவரை அண்ணா என்றும் என்னை அண்ணிக்குரிய முறையில் வதினா என்றும் கூப்பிடுவார். காலையில் பார்த்ததாகச் சொன்னார்.

“கோலம் போட்டுட்டு இருந்தேன் வதினா. தூரமா அண்ணான்னு கேட்டேன். பக்கந்தாம்மான்னு சிரிச்சாரு. கேட்டைக்கூட கொக்கி மாட்டி இழுத்துப் பாத்துட்டுத்தானே போனாரு?”

அடுத்து டீக்கடை. கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கழுவியபடியே சொன்னார்.

“இன்னைக்கு டீ குடிக்கல டீச்சர். கடையத் தாண்டிப் போனாவ. நான் தூரமா சார்னேன். பக்கந்தான்னாவ. பையத் தூக்கிட்டு அவிய நடந்த நடையப் பாத்தா, ஏதோ டூட்டிக்குக் கூப்புட்டு விட்டுருக்காவன்னுல்ல நெனச்சேன்.”

தெரு முக்கில் ஆட்டோக்காரர் ஒருவர். அவரும் பார்த்திருக்கிறார். “தூரமா சார், ஏறிக்கிடுதீயளான்னேன். பக்கந்தான்னு பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்துட்டாரு” என்றார்.

பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேருக்கும் மரியாதை தெரியும். ஒருவராவது மரியாதை கெட்ட ஆளாக இருந்திருக்கக் கூடாதா என்று தெருவில் நின்று நினைத்தேன்.

எதிர்வீட்டம்மா என் பின்னாலேயே வந்திருந்தார். அவரிடம்தான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். வாயில் கையை வைத்துக்கொண்டார். “இத ஏன் வதினா எங்ககிட்ட சொல்லல? தெரிஞ்சிருந்தா கையப் புடிச்சு நிறுத்தியிருப்பேனே” என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் புகார் எழுத உட்கார்ந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். வயது, உயரம், சட்டை நிறம் எல்லாம் கேட்டு எழுதினார்.

“எங்க போறேன்னு சொன்னாரா?”

“இல்ல.”

“நீங்க கேக்கலியாக்கா?”

“வாசல்ல எறங்கிட்டாரு” என்றேன்.

பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஆமா, வாசல்ல எறங்குனவங்கள எப்படிக் கேக்க?” என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்து ஸ்டேஷன்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பிவிட்டதாகவும், வீட்டுக்குப் போய் இருக்கும்படியும் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில், “ஒரு வார்த்த எங்கன்னு கேக்க மாட்டியாம்மா நீ?” என்று கத்தினாள். அன்று என்னிடம் கோபப்பட்டது அவள் ஒருத்திதான். அவளையும் தாங்க முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு. மதுரை பஸ், தென்காசி பஸ், சங்கரன்கோவில் பஸ், சேத்தூர் தேவதானம் போகிற டவுன் பஸ். ஒவ்வொன்றும் நிறைந்து கிளம்பியது. ஒவ்வொன்றின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே கூட நடந்தேன். எதில் ஏறுவது? தெற்கே தேடப் போனால் அவர் வடக்கே இருப்பார். வடக்கே போனால் அதற்குள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஓர் இடத்துக்கும் போக முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பது வருடம் வகுப்பறையில் ஒரு அதட்டலில் அறுபது பிள்ளைகளை அடக்கியவள், அன்று என் காலுக்கு ஒரு திசை சொல்ல முடியவில்லை.

பெஞ்சில் பக்கத்தில் ஓர் அம்மா மல்லிகைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டார்.

“தூரமாம்மா?”

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ. “எங்க போறன்னு கேளுங்களேன்! எங்கன்னு கேட்டா வாய் வெந்தா போகும்?” என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா பயந்துபோய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். முகம்கூட ஞாபகமில்லை.

நாலு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“டீச்சரம்மாங்களா? இங்கிலீசு பாடம் எழுதுறது நீங்கதானா?”

மதுரைக்காரர் ஆள்தான் பக்கங்களைக் கேட்டுத் தொந்தரவு செய்கிறார் என்று எரிந்து விழப்போனேன். அவர் தொடர்ந்து சொன்னார்.

“நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பை, குடை விக்கிற கடை வச்சிருக்கேம்மா. இங்க ஒரு ஐயா உக்காந்திருக்காக. பேரு ஊரு கேட்டா சொல்லத் தெரியல. அவிய பைக்குள்ள ஒரு ஃபைல் இருக்கு. மேல உங்க நம்பர் எழுதியிருக்கு.”

நூறு சொற்களையும் எழுதி முடித்து, கூரியரில் அனுப்ப ஒரு பழுப்புநிற ஃபைலில் போட்டு, மேலே என் போன் நம்பரை எழுதி பீரோவில் வைத்திருந்தேன். அதே தட்டில்தான் அவருடைய ராணுவக் காகிதங்கள் இருக்கும் ஃபைலும் இருந்தது. அதுவும் பழுப்பு. காலையில் கிளம்பும்போது தன்னுடையது என்று நினைத்து என்னுடையதை எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். அது காணாமல் போனதையே நான் கவனிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. அன்று அந்த பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று போனது. பாதி வழியில் சீட்டிலிருந்து எழுந்து படி அருகே போய் நின்றுகொண்டேன். உட்காரும்மா என்று கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார்.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. தொங்குகிற பைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு இவரை உட்கார வைத்திருந்தார். தோள்பை மடியில். சட்டை கசங்கவில்லை. என்னைப் பார்த்ததும் இவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது.

“வந்துட்டியா? பஸ்ஸு ஒண்ணும் சரிப்பட்டு வரமாட்டேங்குது ஏட்டி” என்றார்.

நான் கல்லாப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைக்காரர் ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

“காலையில எட்டரைல இருந்து பாத்துட்டு இருக்கேம்மா. வத்ராப்பு பஸ்ஸுல ஏறுவாக. கண்டக்டர் எங்கன்னு கேட்டு டிக்கெட் கிழிக்க வந்ததும் எறங்கிருவாக. அடுத்த பஸ் வரும், பொறவும் ஏறுவாக, பொறவும் எறங்குவாக. நாலு தடவ. பாக்க ஆபீசர் மாதிரி இருக்காக, நம்ம போயி என்னத்தக் கேக்கன்னு பேசாம இருந்தேன். மத்தியானம் மூணு மணி வெயில்லயும் நிக்கவும் மனசு கேக்கல. கிட்டப் போயி, ஐயா எங்க போறீயன்னு கேட்டுட்டேன்.”

அதோடு நிறுத்தாமல், என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்கிடாதீயம்மா. கெளம்பி வந்தவியகிட்ட அப்படிக் கேக்கக் கூடாதுதான். வேற வழி தெரியல” என்றார்.

டிக்கெட்டுக்காகக் கேட்ட கண்டக்டர்களை விட்டால், அன்று முழுவதும் அவர் ஒருவர்தான் நின்று கேட்டிருக்கிறார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“வீட்டுக்குன்னாக. அம்புட்டுதான். எந்த ஊரு, எந்தத் தெருன்னா தெரியல. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னே சொன்னாக. பொறவுதான் உள்ள கூட்டியாந்து பையப் பாத்தேன்.”

காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றபோது எதிர்வீட்டம்மா எங்கே என்று கேட்டிருந்தால், இவர் வீட்டுக்கு என்றுதான் சொல்லியிருப்பார். டீக்கடைக்காரர் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். வீட்டு வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்கிற ஆளை யார் தெருவைத் தாண்ட விடுவார்கள்? அடுப்படியிலிருந்து நான் கேட்டிருந்தால் போதும். ஒரு வார்த்தை. அதன்பின் யாரும் எந்த ஊருக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டியதும், “எந்த வீட்டுக்குங்க போகப் பாத்தீங்க?” என்று கேட்டேன். வத்ராப்பு பஸ்ஸில் போனால் மகாராஜபுரம் வரும். அங்கே அவர் பிறந்த வீட்டை விற்றுப் பல வருடமாகிறது, வாங்கினவர்கள் இடித்துவிட்டுக் காரை வீடு கட்டிவிட்டார்கள். அதைத் தேடித்தான் போனாரா, வேறு ஏதாவது வீடா, தெரியவில்லை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்வரை யார் டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்தார்கள் என்பதும் தெரியவில்லை. அவர் என் கேள்விக்குப் பதிலாக, “சாப்புட்டியா?” என்றார். இல்லை என்றேன். “பொறவு?” என்று கடிந்துகொண்டு மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த நாளே கையில் பட்டை கட்டினேன். கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன். தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இவரை வெளியே பார்த்தால் எங்கே என்று கட்டாயம் கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டேன். டீக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “அவியள எப்புடி டீச்சர் அப்படிக் கேக்க?” என்றார். எதிர்வீட்டம்மா மட்டும் கடமையாகச் செய்தார். பூட்டிய கேட்டுக்கு உள்ளே இவர் பையோடு வந்து நின்றால்கூட, அங்கிருந்தே “எங்க போறீங்க அண்ணா?” என்று குரல் கொடுப்பார். இவர் ஒவ்வொரு தடவையும் கூசிப்போவார். பையை உள்ளே கொண்டுவந்து வைப்பார். ஒரு மாதத்தில் கேட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். சட்டைக்கு இஸ்திரி போடுவதையும் விட்டார். நல்லதுக்குத்தானே செய்தோம் என்று எதிர்வீட்டம்மா என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வது?

புத்தகம் வந்தது. ‘கோ’ ஒரே பக்கத்தில் இருந்தது. மூன்று பக்கத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். முதல் பொருளும் ஐந்தாறு இணைச்சொற்களும் நாலு வாக்கியங்களும் மிச்சம். பிள்ளைகளுக்கு அது போதும் என்று மதுரைக்காரர் சொன்னார். நான் சண்டை போடவில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஒருவர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆவதை என்ன சொல்லில் எழுதுவது என்று எனக்கே தெரியாதபோது அவரிடம் என்ன சண்டை?

போன மாதம் ஒரு சாயங்காலம். இருவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வீட்டுப் பெண்களிடம் பேசும்போது வைத்துக்கொள்ளும் மரியாதையான குரலில் சொன்னார்.

“செத்த நேரம் இருந்துட்டேன். ரொம்ப சந்தோசம்மா. நேரமாச்சு, வீட்ல தேடுவா. நான் வாரேன்.”

கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டேன். “வீட்ல யாரு இருக்காங்க?” என்று கேட்டேன்.

“எம் பொஞ்சாதிதான். டீச்சரு. நான் போகாம சாப்புட மாட்டா.”

அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. லீவு முடிந்து போன ஊர்களிலெல்லாம் என்னைப் பற்றி இப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான்தான் அவள் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் நம்ப மாட்டார். நம்பாமல் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டால் அதற்குமேல் எனக்குத் தாங்காது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். கேட்டைத் திறந்தேன். “நானும் அந்தப் பக்கமாத்தான் வாரேன்” என்று சொல்லி அவரோடு இறங்கினேன்.

தெருவின் கடைசிவரை நடந்தோம். ஓர் அந்நியப் பெண்ணோடு நடக்கிற மாதிரி ரெண்டடி தள்ளியே வந்தார். டீக்கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தெருமுனையில் திரும்பி மறுபடி எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். “இந்தா, உங்க வீடு வந்துருச்சு” என்றேன். அவருக்கு முகமெல்லாம் நிம்மதி. எனக்கு நன்றி சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். முன்னறையில் நின்று அடுப்படியைப் பார்த்து, “ஏட்டி, வந்துட்டேன்” என்று குரல் கொடுத்தார்.

பதில் வருகிறதா என்று காதைக் கொடுத்தார். அடுப்படிக்குள் போய்ப் பார்த்தார். புறவாசல் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த என்னிடம் கவலையோடு கேட்டார்.

“உள்ள இல்லம்மா. எங்க போயிருப்பா?”

“இப்ப வந்துருவாங்க, உக்காருங்க” என்றேன்.